ஜூன் பிரைமரிக்கு ஜனவரியிலேயே கதவைத் தட்டுங்கள்

நவம்பர் வந்தால்தான் நம்மவர்களுக்குத் தேர்தல் ஞாபகம் வருகிறது. நான் இருக்கும் நியூ ஜெர்சியில் அதற்குள் பெரும்பாலான தொகுதிகளின் கதை முடிந்துவிடும். மாநிலத்தின் 40 சட்டமன்றத் தொகுதிகளில் பலவும் ஏதோ ஒரு கட்சியின் கையில் உறுதியாக இருக்கின்றன. ஜூன் மாதம் அந்தக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தலில் யார் ஜெயிக்கிறாரோ, அவரே நவம்பரிலும் ஜெயிக்கிறார். பள்ளிக்கூட நிதி, ரயில் கட்டணம், வீட்டு வரி என்று நாம் வருடம் முழுவதும் கவலைப்படும் விஷயங்களை முடிவு செய்பவர் யார் என்பது ஜூனில் தீர்மானமாகிறது. அன்று வாக்களிக்க வருபவர்களோ மிகச் சிலர்.

சிலரே வரும் பிரைமரியில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு மூன்று உதாரணங்கள். 2018 ஜூனில் நியூயார்க்கின் 14ஆவது காங்கிரஸ் தொகுதியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், பத்து முறை ஜெயித்திருந்த ஜோ குரோலியைத் தோற்கடித்தார். அந்தப் பிரைமரியில் பதிவான மொத்த வாக்குகள் 30,000-ஐத் தொடவில்லை. 2014 ஜூனில் வர்ஜீனியாவில், காங்கிரஸின் கீழவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டரை டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியர் வீழ்த்தினார். கேன்டரிடம் இருந்த பணத்தில் ஒரு சிறு பங்குகூட அவரிடம் இல்லை. 2022-ல் தெற்கு டெக்சஸில் ஹென்ரி குயேயருக்கும் ஜெசிகா சிஸ்நேரோஸுக்கும் நடந்த இரண்டாம் சுற்று பிரைமரி 289 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. ஒரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள்.

நான் ஜனநாயகக் கட்சிப் பக்கம் வேலை செய்பவள். பகலில் இன்ஷூரன்ஸ் அலுவலக வேலை, மாலையும் சனி ஞாயிறும் இந்த வேலை. கீழே சொல்வது எந்தக் கட்சிக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: பிரைமரியில் கூட்டம் சேர்ப்பதால் பயனில்லை. பட்டியல்தான் ஜெயிக்க வைக்கும். உங்கள் வேட்பாளருக்கு வாக்களிக்கப் போகிற ஒவ்வொருவரின் பெயரும் தேர்தலுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்

நம் மக்களிடையே இதில் குழப்பம் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வாக்களிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது, ஆனால் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா ஆகியவற்றில் இருப்பவர்கள் காங்கிரஸ் தேர்தலுக்கும் சரி, மாநில, நகராட்சித் தேர்தல்களுக்கும் சரி, ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் ஆசையாக ஒரு தொகையை நீட்டினால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதை வாங்கி உங்கள் பெயரில் கொடுப்பது இன்னும் பெரிய குற்றம். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் விசாவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் உழைக்கலாம். கதவு தட்டலாம், போன் செய்யலாம், துண்டறிக்கை அடுக்கலாம். பிரசாரத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பது போன்ற முடிவுகளில் மட்டும் அவர்கள் தலையிடக் கூடாது. எங்கள் குழுவில் மிக நன்றாக வேலை செய்பவர்களில் சிலருக்கு இன்னும் வாக்கே கிடையாது. அவர்கள் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், அது போதும்.

வாக்காளர் பதிவுப் படிவத்தை யாரிடமாவது நீட்டும் முன் அவர் குடிமகனா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். குடியுரிமை இல்லாத ஒருவர் தெரியாமல் பதிந்துவிட்டால், பிற்பாடு அவருடைய குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும். நாடு கடத்தும் நடவடிக்கைகூட வரலாம். உங்கள் உற்சாகத்துக்கு இன்னொரு குடும்பம் விலை கொடுக்கக் கூடாது.

தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி ஆகியவை 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் பதிவானவையாக இருந்தால் வேட்பாளருக்கு ஆதரவு திரட்டக் கூடாது. பொங்கல் விழா மேடையில் அறிவிப்பது, பள்ளியின் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்புவது, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாமே அந்த அமைப்புக்குத்தான் ஆபத்து. வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்காக வெளியே காத்திருக்கும்போது தனி மனிதராக நீங்கள் இன்னொரு பெற்றோரிடம் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை.

யார் இந்தப் பிரைமரியில் வாக்களிக்க முடியும்

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் கட்சிப் பதிவே கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரி என்பதை வாக்காளர் அன்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். கலிஃபோர்னியாவில் காங்கிரஸ், சட்டமன்ற இடங்களுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நின்று முதல் இருவர் நவம்பருக்குப் போகிறார்கள். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. நியூயார்க்கில் கட்சி மாற பிப்ரவரி 14 கடைசி நாள். ஜூனில் போய்க் கேட்டால் நடக்காது.

நியூ ஜெர்சியில் நமக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. எந்தக் கட்சியிலும் சேராதவராகப் பதிந்திருப்பவர் பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். வேறு கட்சியில் பதிந்திருப்பவர் மட்டும் 55 நாட்களுக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பதிவதற்கு 21 நாட்களுக்கு முன்பு வரை நேரம். குடியுரிமை வாங்கிய தமிழர்களில் நிறையப் பேர் கட்சிப் பெட்டியை வெறுமையாக விட்டுப் பதிந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும், "நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை, எங்களுக்கு இதில் வாக்கு கிடையாது" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் மகிழுங்கள். அவர்களை இதுவரை யாரும் அணுகவில்லை என்று அர்த்தம்.

கணக்கு

கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய பிரைமரி முடிவுகள் இருக்கும். ஒரே ஒரு இடத்துக்கு இருவர் போட்டியிடும் தொகுதியில் கடந்த முறைகளில் 18,000 வாக்குகள் பதிவாகியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். இம்முறை 20,000 வரும் என்று எண்ணினால் 10,001 வேண்டும், 11,000-க்குக் குறிவையுங்கள். அதை ஊர்வாரியாக, வட்டவாரியாகப் பிரியுங்கள். உங்கள் ஊரின் பங்கு 900 என்று வந்தால், உங்கள் குழுவின் உலகமே அந்த 900 பெயர்கள்தான்.

வாக்காளர் பட்டியலில் ஒருவர் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது இருக்கும். யாருக்கு என்பது இருக்காது. கடந்த நான்கு பிரைமரிகளில் மூன்றுக்காவது வந்தவர்கள்தான் முதல் வரிசை. ஒன்றுக்கு வந்தவர்கள் அடுத்து. நவம்பரில் தவறாமல் வந்து ஜூனில் ஒருமுறையும் வராதவர்கள் மூன்றாவது. நம்மவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது கூட்டத்தில் இருப்பதால், பிரசார அலுவலகம் தரும் பட்டியலில் அவர்கள் பெயர் விடுபட்டுப்போகும். களப்பொறுப்பாளரிடம் கேட்டு, தமிழ், தெலுங்கு, குஜராத்திக் குடும்பங்கள் அதிகமுள்ள குடியிருப்புகளுக்குத் தனிப் பட்டியல் வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் திரும்பவும் கேளுங்கள்.

கதவு

1998-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவை நன்றாகவே கூட்டியது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்த போன் அழைப்புகளால் பலன் தெரியவில்லை. என் அனுபவமும் அதுவே. குறுஞ்செய்தியும் போனும் ஆதரவாளர்களை நினைவூட்டப் போதும். மனதை மாற்ற நேரில்தான் போக வேண்டும்.

இருவர் இருவராகப் போங்கள். சனி ஞாயிறு பதினொரு மணிக்கு மேல், வார நாட்களில் ஐந்தரையிலிருந்து இருட்டும் வரை. இரண்டு மணி நேரத்தில் நாற்பது கதவு தட்டலாம். ஐந்தில் ஒன்று திறந்தால் நல்ல நாள். அடுக்குமாடிக் கட்டடங்களில் வெளிக்கதவு பூட்டியிருக்கும். அங்கே குடியிருக்கும் ஒருவரையே பொறுப்பாளராக்குவதைத் தவிர வேறு வழியில்லை. துண்டறிக்கையைக் கதவு இடுக்கில் செருகுங்கள். அஞ்சல் பெட்டிக்குள் போடாதீர்கள், ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. பட்டியலில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அதைப் படித்துக் கூப்பிட்டால், வாசலில் நிற்பவரை விட்டுவிட்டு மதுரையில் இருக்கும் அவர் தந்தையை விசாரிப்பீர்கள். முதல் பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே சார்?" என்று கேளுங்கள். தமிழ்க்குரல் கேட்டதும் பலர் உள்ளே வரச் சொல்வார்கள், காபி கொடுப்பார்கள். உட்காராதீர்கள். உட்கார்ந்தால் அரை மணி நேரம், பத்துக் கதவு போயிற்று. வேட்பாளர் வந்து பேசும் வீட்டுக்கூட்டத்துக்கு வரச் சொல்லி, விடைபெறுங்கள்.

பேச்சு இரண்டு நிமிடம் போதும். அதில் பாதி அவர் பேச வேண்டும். "வணக்கம். நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். ஜூன் பிரைமரிக்காக வந்திருக்கிறேன். இந்த ஊரில் எது மாற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" அவர் பள்ளிப் பேருந்தைப் பற்றிச் சொன்னால் பள்ளிப் பேருந்தைப் பற்றியே பேசுங்கள். உங்களிடம் மனப்பாடமாக இருக்கும் ஐந்து கொள்கைகளை அவிழ்க்காதீர்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "எங்கள் வேட்பாளருக்கு வாக்களிப்பீர்களா?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பும் தன்னார்வலர்கள் ஏராளம். கேட்காவிட்டால் போனதில் பொருளில்லை.

நியூ ஜெர்சி சட்டமன்றத்தின் கீழவையில் ஒரு தொகுதிக்கு இரண்டு இடங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு வாக்களிக்கலாம். "இப்போது இருப்பவர் எங்களுக்கு நல்ல பழக்கம், அவருக்குச் சொல்லிவிட்டோம்" என்பவரிடம் வாதாட வேண்டாம். "ஒரு வாக்கு அவருக்குக் கொடுங்கள், இரண்டாவதை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இரண்டாவது வாக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் வாங்கிய உறுதிகளில் கணிசமானவை இப்படி வந்தவை.

பதிலை 1 முதல் 5 வரை குறிப்பார்கள். 1 உறுதியான ஆதரவு, 5 உறுதியான எதிர்ப்பு. மினிவேன் என்ற செயலியில் வாசலைவிட்டு இறங்கியதும் பதிந்துவிடுங்கள். நம் மக்கள் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். "பார்க்கலாம்மா" என்றால் அது 3. கதவைச் சாத்திக்கொண்டே "கண்டிப்பாகப் போடுகிறோம்" என்றாலும் 3-தான். வேட்பாளர் பெயரை அவராகவே சொல்லி, தேதி கேட்டு, வீட்டில் எத்தனை வாக்கு என்று கணக்குச் சொன்னால் 1. தாராளமாக 1 போட்டுக்கொண்டே வந்தால் தலைமை அலுவலகம் அந்த வட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணி வேறு பக்கம் போய்விடும். நம் ஊரில் பூத் கமிட்டியின் அனுபவசாலி ஒருவர் தெருவைப் பார்த்தே எத்தனை வாக்கு என்று சொல்வாரே, அந்தக் கறார்த்தனம் இங்கேயும் வேண்டும்.

வாக்குச்சீட்டில் பெயர் எங்கே இருக்கும்

பல்லாண்டுகளாக நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளில் 19-ல், கட்சித் தலைமை ஆதரித்தவர்கள் எல்லோரையும் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்கிவைத்தார்கள். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில் இருப்பார்கள். 2024 மார்ச்சில், செனட் இடத்துக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் மத்திய நீதிபதி ஜாஹித் குரேஷி, அந்த ஜூனின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு அந்த முறையைத் தடுத்தார். 2025-ல் சட்டமே மாறியது. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம், அதில் எல்லாப் பெயர்களும் ஒன்றாக. வெளியாளுக்கு இவ்வளவு நல்ல காலம் இதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் வாக்காளர் ஒவ்வொரு கட்டத்திலும் பெயரைத் தேட வேண்டும். சீட்டின் மாதிரி வெளியானதும், பெயர் இருக்கும் இடத்தை வட்டமிட்டு அட்டை அச்சிடுங்கள். வயதானவர்களுக்குத் தமிழிலும் ஒன்று.

போட்டியிடுவதற்கான கையெழுத்து மனுவில், சட்டம் கேட்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு சேருங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொரு கையெழுத்தையும் சரிபார்த்து ஆட்சேபிக்கும். முகவரி பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

உங்கள் சொந்தத் தொலைபேசி

உங்களுக்குத் தெரிந்த முப்பது பேரை எழுதி, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். குழுக்களில் படம் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கூட்டத்துக்குப் பதினைந்து பேர் போதும். வேட்பாளர் பேசி முடித்ததும், வீட்டுக்காரர் எழுந்து, "நான் இவருக்கு வாக்களிக்கிறேன், நீங்களும் செய்ய வேண்டும்" என்று சொல்ல வேண்டும். வேட்பாளர் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கடைசி வாரங்கள்

விண்ணப்பித்தவர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டு முன்கூட்டியே வீட்டுக்கு வரும். மெட்ரோபார்க் நிலையத்தில் விடிகாலை ரயில் பிடித்து மன்ஹாட்டன் போய் இரவு திரும்புகிறவர்களுக்கும், கோடை விடுமுறைக்குச் சீக்கிரமே சென்னைக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கும் இதுதான் வழி; இல்லையென்றால் முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்கள். உறையில் போடும் கையெழுத்தைப் பதிவில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். பதியும்போது ஆங்கிலத்தில் போட்டுவிட்டு உறையில் பழக்கத்தில் தமிழில் போட்டால் நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்தினால் கடிதம் வரும், சரிசெய்ய அவகாசம் உண்டு; அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று குப்பையில் போடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அடுத்தவரின் உறையை நீங்கள் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள். அதற்குச் சட்டத்தில் எண்ணிக்கை வரம்பும் விதிமுறையும் இருக்கின்றன. அவரையே அழைத்துப்போய்ப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

கடைசி நான்கு நாட்கள் யாரையும் மாற்ற முயலாதீர்கள். 1, 2 என்று குறித்தவர்களிடம் மட்டும் போங்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், வீட்டிலிருந்தா அலுவலகத்திலிருந்தா, யாரோடு, பாட்டியை யார் அழைத்துவருவது என்று கேளுங்கள். வாக்குச்சாவடி காலை 6 முதல் இரவு 8 வரை. எட்டு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு வாக்கு உண்டு. நகராதீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து குடியேறி இங்கே குடியுரிமை பெற்ற தாத்தா பாட்டிகளை மறக்கவே கூடாது. கார் மட்டும் ஏற்பாடு செய்துவிட்டால் அவர்கள் தவறுவதில்லை, சேலை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நிற்பார்கள்.

வேட்பாளர் ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலை வைத்திருங்கள். இரண்டே வாரத்தில் தன்னார்வலர்கள் அனைவரையும் போனில் அழைத்து நன்றி சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள்: கட்சியின் கவுண்டி கமிட்டி உறுப்பினர்களும் அதே ஜூன் பிரைமரியில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு சிறு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் அந்த இடங்கள் உண்டு. பல இடங்களில் போட்டியே இருப்பதில்லை, சில இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. உங்கள் தெருவில் கதவு தட்டிப் பழகியவருக்கு அதை ஜெயிக்கத் தேவையான வாக்குகளின் பெயர்கள் ஏற்கெனவே தெரியும். படிவம் நகராட்சி கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும்.